உள்சுவரில் ஒரு கை

அவர்கள் எட்டுப் பேரும் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது மூடுபனி கலையவில்லை. கீழே வாழைத்தோப்புகளும், தோப்புகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட கூடை மாதிரி புல்வீடுகளும், அதற்கும் அப்பால் பெரிய ஏரியும் இருந்தாக வேண்டும். ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை. போன வருடத்து உலைக்குழியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு தவளை, இவர்கள் வந்தது பிடிக்காதது போல, கத்திக்கொண்டே இருந்தது.

"வந்துட்டோம் தாயி, கொஞ்சம் எடம் குடு" என்று தவளையிடம் சொல்லிவிட்டு முதெம்பெய் சுமையை இறக்கினான். பிறகு கைஜாகேயின் முதுகில் ஒரு தட்டு தட்டினான். "வா மச்சான், உம் பொண்டாட்டியக் கட்டலாம். இந்த வருஷமாச்சும் கொஞ்சம் சதைப்பிடிப்பாக் கட்டு. போன வருஷத்துக்காரி காத்தடிச்சாலே சாஞ்சிருப்பா."

மற்றவர்கள் சிரித்தார்கள். மேட்டில் அப்படித்தான் பேசுவார்கள். அங்கே உலைதான் கல்யாணப் பெண். அவளைக் கட்டுகிற தலைவன் மாப்பிள்ளை. இரும்பு அவள் பெறுகிற பிள்ளை. மேட்டின் எல்லையாகப் போட்ட கல் வரிசையைத் தாண்டிக் கால் வைத்துவிட்டால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. உலைக்கு முன்னால் சொன்ன பெயரை உலை எடுத்துக்கொள்ளும். ஆகவே எல்லாரும் எல்லாருக்கும் மச்சான். மண் வெட்டுகிற நாளிலிருந்து இரும்பு வெளியே வருகிற நாள் வரை ஒருவனும் வீட்டுக்குப் போகக் கூடாது, ஒரு பெண்ணும் கல் வரிசையை நெருங்கக் கூடாது. மீறினால் உலையின் கரு கலைந்துவிடும். மழைக்கு முன்னால் ஊருக்கு மண்வெட்டி கிடைக்காது.

கைஜாகேதான் அந்த வருடமும் தலைவன். அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்து இருபது நாளாகியிருந்தது.

அதற்கும் ஐந்து நாள் முன்னால் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் விடிவதற்குள் செத்தும் போனது. நான்காம் நாள் தகப்பன் குழந்தையை மடியில் வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவன் காட்டில் கரி சுட்டுக்கொண்டிருந்தான். குழி பற்றி எரிந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போனால் அத்தனை மரமும் சாம்பலாகிவிடும் என்று, "ரெண்டு நாள் பொறுங்க, வந்து பேர் வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினான். வந்து பார்த்தபோது குழந்தை இல்லை. மனைவி கொகுதேதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பெயர் வைக்காத குழந்தையை வீட்டுத் தோப்பில் புதைப்பதில்லை. தாத்தனும் பூட்டனும் படுத்திருக்கிற மண்ணில் பெயர் இல்லாமல் யாரைப் போய்ப் படுக்க வைப்பது? பெண்கள் எங்காவது கொத்துப் படாத மண்ணாகப் பார்த்துக் கொண்டுபோய் வைப்பார்கள். இடத்தைத் தகப்பனிடம் சொல்ல மாட்டார்கள். அவனும் கேட்கக் கூடாது. கைஜாகே கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது அவனுக்கு அன்று வசதியாகக்கூட இருந்தது. அந்த வெட்கம் அவன் நெஞ்சில் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

உலைக்குக் கரையான் புற்று மண்தான் வேண்டும். வேறு மண் சூட்டில் வெடித்துவிடும். பழைய புற்று மழையில் கரைந்து போயிருந்ததால், நாணல் சதுப்பின் ஓரத்தில் அத்திமரத்தடியில் ஆள் உயரத்துக்கு நின்ற புற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் வெட்டு தலைவனுடையது. கைஜாகே வெட்டினான். மண் வெண்ணெய் மாதிரி இறங்கியது. இவ்வளவு நல்ல மண்ணை அவன் பார்த்ததில்லை.

அடிப்பக்கத்தை வெட்டும்போது கோடாலியில் ஏதோ சிக்கியது. மரப்பட்டைத் துணி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல், மற்றதையெல்லாம் கரையான் தின்று மண்ணாக்கியிருந்தது.

"எவனோ குடிச்சுட்டு அவுத்துப் போட்டுட்டுப் போயிருக்கான்" என்றான் முதெம்பெய்.

கைஜாகே துணியை மோந்து பார்த்தான். மண்வாசனைக்கு அடியில் லேசாக இன்னொரு வாசனை இருந்தது. பசுவெண்ணெய். பிறந்த குழந்தையின் உடம்பில் தடவுகிற வெண்ணெய்.

அவன் சுற்றிலும் பார்த்தான். ஏழு பேரும் கூடையைத் தூக்கக் காத்திருந்தார்கள். ஊரில் எத்தனை வீடு, எத்தனை குழந்தை, யாருடையதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். துணியைச் சுருட்டிச் சதுப்பில் எறிந்தான். "அள்ளுங்க" என்றான்.

உலை நான்கு நாளில் எழுந்தது. பழைய உலையின் வெந்த சுவரை இடித்துப் பொடியாக்கிப் புதுமண்ணில் கலந்து மிதித்தார்கள். இடையிடையே முன்பு உருக்கியபோது மிஞ்சிய கசடான இரும்புக் கிட்டத்தைக் கல் மாதிரி பதித்தார்கள். அடியில் அகலமும் மேலே குறுகலுமாக மார்பளவு உயரத்துக்கு அவள் வந்தாள். வயிற்றைச் சுற்றி எட்டு ஊதுகுழல்களுக்கு எட்டு ஓட்டை. முதெம்பெய் தள்ளி நின்று பார்த்து, "இதான் மச்சான் குடும்பப் பொண்ணு" என்று சான்றிதழ் கொடுத்தான்.

இரண்டாம் நாள் காலையில் கைஜாகே உலை வாய்க்குள் தலையை விட்டு உள்சுவரைப் பார்த்தான். முந்தின நாள் வழித்து மெழுகிய ஈரமண்ணில் ஒரு பதிவு இருந்தது.

ஒரு கை.

ஐந்து விரலும் தெளிவாக இருந்தன. அவன் கட்டைவிரலை வைத்தாலே அந்த உள்ளங்கை முழுதும் மறைந்துவிடும். அவ்வளவு சின்னது.

"என்ன மச்சான், உள்ளயே பாத்துட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்ல. குரங்கு கை வச்சிருக்கு."

"குரங்கா? இந்த மேட்டுலயா?"

கைஜாகே ஈரக்கையால் அந்த இடத்தை வழித்து மெழுகினான். மூன்றாம் நாளும் அது அங்கே இருந்தது. வழித்தான். நான்காம் நாளும் இருந்தது. அன்றைக்கும் வழித்தான். மூன்று முறை வழித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

சுவர் காய ஆறு நாள் ஆயிற்று. இரும்பு உருக்குகிற நாள் விடிந்ததும் குழியில் நாணலைப் போட்டு எரித்தார்கள். கரியும் இரும்புக்கல்லும் மாறிமாறிக் கொட்டினார்கள். ஆட்டுத்தோல் துருத்திகள் மூச்சுவிடத் தொடங்கின. எட்டுப் பேரும் பாடினார்கள். கல்யாணப் பாட்டுத்தான், கொஞ்சம் பச்சையானது, இங்கே எழுத முடியாது.

வெயில் ஏறியது. உலையின் வயிறு சிவந்தது.

முதலில் வாசனை வந்தது. கரிப்புகையும் கல்வாடையும் வரவேண்டிய இடத்தில் உருகுகிற வெண்ணெயின் மணம். பாட்டு ஒவ்வொருவராக நின்றது.

"யாருடா வெண்ணெ கொண்டாந்தது?" என்றான் முதெம்பெய். குரலில் கேலி பாதிதான் இருந்தது.

பிறகு சத்தம்.

துருத்தியை அமுக்கும்போது குழலில் காற்று சீறும். தளர்த்தும்போது ஒரு கணம் அமைதியாக இருக்கும். அந்த ஒரு கண அமைதிக்குள் ஏதோ ஒன்று கேட்டது. மெல்லிய, உலர்ந்த, விக்கிவிக்கி எழுகிற சத்தம்.

"குழல்ல விரிசல் விட்ருக்கும்" என்றான் ஒருவன்.

"துருத்திய நிறுத்துங்க" என்றான் கைஜாகே.

எட்டுத் துருத்திகளும் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

பிறந்து நாலைந்து நாளான குழந்தை பசித்தால் எப்படி அழுமோ, அப்படி அழுதுகொண்டிருந்தது உலை.

யாரும் அசையவில்லை. பகல் வெளிச்சம், தலைக்கு நேரே சூரியன், ஓடி ஒளிய ஓர் இருட்டுக்கூட இல்லை. ஒருவன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். இன்னொருவன் துருத்திக் கோலைக் கையிலிருந்து விட்டான். பகலில் வருகிற பயத்துக்கு மருந்தே கிடையாது.

அப்போதுதான் கீழே கல் வரிசைப் பக்கம் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தார்கள்.

கொகுதேதா. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய் அதற்குப் பிறகு ஒரு மாதம் வாசல் தாண்டக் கூடாது. அந்த ஒரு மாதம் அன்று காலைதான் முடிந்திருந்தது. அவள் மார்பில் கட்டியிருந்த துணி நனைந்து ஒட்டியிருந்தது. கைஜாகே இறங்கி ஓடினான். கல் வரிசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள்.

"ஏன் வந்த? போயிடு. அவங்க பாத்துட்டாங்க, போயிடு."

"மண்ண எங்கேர்ந்து எடுத்தீங்க?" என்றாள் அவள். கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

அவன் கண் தானாகச் சதுப்புப் பக்கம் போனது.

"இன்னிக்கிதான் வெளிய வந்தேன். நேரா அத்திமரத்துக்குத்தான் போனேன். வெறும் பள்ளம் கெடக்கு." அவள் தன் நனைந்த துணியைத் தொட்டுக்காட்டினாள். "நீங்க மண்ணு வெட்டின அன்னிக்கிலேர்ந்து இது நிக்கல. வத்திப்போன பால் திரும்பி வந்துச்சு. ஏன்னு புரியல. இப்பத்தான் புரியுது. கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குது."

"எங்கங்க எம்புள்ள?"

கைஜாகே திரும்பி உலையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தான். அவள் கத்தவில்லை.

"மழைல வச்சேன்" என்றாள். "குளிருமேன்னு என் துணியக் கிழிச்சுச் சுத்தி வச்சேன். பேரு இல்லாத புள்ள, நம்ம தோப்புலயும் வைக்க முடியல. இப்ப சூட்டுல வச்சிருக்கீங்க. எடுத்துக் குடுத்துடுங்க. நீங்க மடியில வச்சு ஒரு பேரு சொல்லுங்க. நான் தோப்புக்குக் கொண்டுபோயிடறேன். வேற ஒண்ணும் நான் கேக்கல."

துணியை மோந்து பார்த்த நிமிடமே தனக்குத் தெரியும் என்பது இப்போதுதான் அவனுக்கே முழுதாகத் தெரிந்தது. தெரிந்துதான் 'அள்ளுங்க' என்றான். தெரிந்துதான் மூன்று முறை அந்தக் கையை வழித்தான்.

மேலே இருந்தவர்கள் கூச்சல் போடத் தொடங்கியிருந்தார்கள். "பொம்பள வந்துட்டா! அதான் உலை அழுவுது! அவளாலதான்!" இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது கைஜாகேக்குத் தெரியும். உலை கலைந்தால் காரணமான பெண்ணை அவள் அப்பன் வீட்டுக்குத் துரத்திவிடுவார்கள். அவள் அதற்குப் பிறகு திரும்ப முடியாது. உலையை இப்போது உடைத்தால் அது கலைவதுதான். உடைக்காவிட்டால் அவன் பிள்ளை மாலைவரை எரியும்.

அவன் மேலே ஏறினான். புற்று வெட்டிய கோடாலியை எடுத்தான்.

"மச்சான், என்ன பண்ற?" முதெம்பெய் குறுக்கே வந்தான். "பாதி நாள் ஓடிப்போச்சு. சாயங்காலம் இரும்பு வந்துரும். ஊரே காத்துக்கெடக்கு மச்சான்."

"தள்ளு."

முதல் வெட்டில் சுவர் பிளந்து நெருப்பு அவன் கையில் பாய்ந்தது. இரண்டாவது வெட்டில் கரியும் உருகிய கிட்டமும் காலடியில் கொட்டின. ஆட்கள் பின்னால் தெறித்து ஓடினார்கள். சுவர் எங்கும் சிவந்து, கண்ணாடி போல் பளபளத்து உருகியிருந்தது. அவன் மூன்று முறை வழித்த அந்த இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. கையை விட்டு அதைப் பிய்த்தான். தோல் பொசுங்குகிற வாசனை அவனுக்கே வந்தது.

வந்தது ஒரு மண்கட்டி. ஈரமாக இருந்தது. ஆற்றங்கரைக் களிமண் போலச் சில்லென்று இருந்தது. அதன் மேல் ஐந்து விரல்.

அழுகை நின்றுவிட்டது.

அவன் அதை வாழையிலையில் வைத்துச் சுற்றினான். நெருப்புக்குப் பக்கத்தில் அந்த இலை வாடவேயில்லை.

"ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று ஒருவன் அழாத குறையாகக் கேட்டான். "அந்தப் பொம்பள—"

"அவ இல்ல" என்றான் கைஜாகே. "அவ கல்ல தாண்டல. நான்தான் கெடுத்தேன். நடுவுல ஒரு நாள், நீங்கல்லாம் தூங்கினப்பறம், கீழ வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். விரதத்த முறிச்சது நான். அதான் உலை கலைஞ்சுது."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். முதெம்பெயும் பார்த்தான். மேட்டில் அவர்கள் தங்கிய குடிசையில் கைஜாகேயின் பக்கத்துப் பாயில் படுத்தவன் அவன். தூக்கம் வராத அத்தனை ராத்திரியும் கைஜாகே கூரையைப் பார்த்துப் படுத்திருந்ததை அறிந்தவன். அது பொய் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குனிந்து, சிதறிய கரியைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

அன்றோடு கைஜாகேக்கு மேடு இல்லை என்று ஆயிற்று. அடித்தார்கள். அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெந்து பொத்துப்போன உள்ளங்கைகளோடு வீட்டுக்கு வந்து, புல் பரப்பிய தரையில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து மண்கட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் கொகுதேதா.

"கொகுஷுபிரா" என்றான். குரல் வரவில்லை. இன்னொரு முறை சொன்னான். "நீ கொகுஷுபிரா. கைஜாகே பொண்ணு. இது உன் வீடு."

கொகுதேதா அதன் மேல் வெண்ணெய் தடவினாள். தோப்பில், அவன் அப்பாவின் கால்மாட்டில் வைத்து மூடினார்கள். அன்று மாலை அவளுக்குப் பால் நின்றது. இருவரும் வாய்விட்டு அழுதார்கள். அழ முடிந்ததே பெரிய காரியம்.

அந்த வருடம் ஊர் பழைய மண்வெட்டிகளால்தான் கொத்தியது. வாழை சுமாராகக் குலை தள்ளியது. கைஜாகேயுடன் யாரும் வாழைக்கள் குடிக்க உட்காரவில்லை. அவன் தோப்பைப் பார்த்துக்கொண்டான். கொகுதேதா சில நாள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, வீட்டு விஷயமெல்லாம் சொல்லிவிட்டு வருவாள். மண்ணுக்குள் பிள்ளை நிம்மதியாக இருக்கிறாள் என்று இருவரும் நம்பினார்கள்.

அடுத்த மழை முடிந்து புதிய உலைக் காலம் வந்தது. முதெம்பெய் தலைவனானான்.

உலை கட்டத் தொடங்கிய மூன்றாம் நாள் நடுப்பகலில் முதெம்பெய் தோப்புக்குள் வந்து நின்றான். கைஜாகே வாழைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். விரதம் நடக்கும்போது தலைவன் கீழே இறங்குவது பெரிய தப்பு. கைஜாகே நிமிர்ந்தான். அவன் கேட்பதற்குள் முதெம்பெய் பேசத் தொடங்கிவிட்டான்.

"மச்சான், நான் புத்து மண்ணு வேற எடத்துலதான் எடுத்தேன். ஏரிக்கு அந்தாண்ட போயி எடுத்தேன். சத்தியமா."

"சரி. அதுக்கென்ன?"

"ஆனா பழைய சுவத்த இடிச்சுக் கலந்தோம். கலக்காம எப்படி மச்சான்? பழசு சேராம புதுசு நிக்காதுல்ல. நீ ஒடச்ச சுவர்தான் கெடந்துச்சு. அதத்தான் பொடிச்சோம்."

அவன் கையில் வாழையிலைப் பொதி ஒன்று இருந்தது. அதைக் கைஜாகேயிடம் கொடுக்கவும் அவனுக்கு மனமில்லை, வைத்துக்கொள்ளவும் தைரியமில்லை. வீட்டு வாசலிலிருந்து கொகுதேதா வந்தாள். ஒன்றும் கேட்காமல் பொதியை வாங்கிப் பிரித்தாள்.

ஈரமண். சில்லென்று இருந்தது. அதில் ஒரு கை.

பிறந்த குழந்தையின் கை இல்லை. விரல்கள் நீண்டிருந்தன. உள்ளங்கை உப்பியிருந்தது. ஒரு வயதாகி, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற குழந்தையின் கை.

கொகுதேதா தன் கையை அதன் மேல் மெல்ல வைத்தாள். விரல் விரலாக அளந்து பார்த்தாள். கைஜாகே அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தான். பார்த்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வளந்திருக்கா" என்றாள்.

தோப்பில் காற்று இல்லை, ஓர் இலைகூட அசையவில்லை.

"இது சுவத்துல எங்க இருந்துச்சு?" என்று கைஜாகே கேட்டான். தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது.

"உள்பக்கம்" என்றான் முதெம்பெய். தன் முழங்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை வைத்துக் காட்டினான். "இவ்ளோ ஒசரத்துல. பக்கத்துப் பக்கத்துல, சுவத்தச் சுத்தி வரிசையா இருக்கு மச்சான். பிடிச்சுப் பிடிச்சு நடந்திருக்கா."